வலிக்கு யார் சாட்சி?

முதுகுவலி என்று வந்தவரை நிற்கவைத்து, உச்சந்தலையில் கை வைத்து மருத்துவர் லேசாக அழுத்துகிறார். இடுப்பில் வலிக்கிறது என்றால் ஒரு குறி போட்டுக்கொள்கிறார். முதுகுத் தோலை விரலால் மெல்லக் கிள்ளுகிறார். அதற்கும் துடித்தால் இன்னொரு குறி. கட்டிலில் படுத்திருந்தபோது காலைத் தூக்கவிடாதவர், நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அதே காலை நீட்டச் சொன்னால் நீட்டிவிடுகிறாரா என்று பார்க்கிறார். நீட்டினால் மூன்றாவது குறி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் கோர்டன் வாடெல் 1980-இல் வகுத்துத் தந்த சோதனைகள் இவை. ஐந்து வகைக் குறிகளில் மூன்று தென்பட்டால், கத்தியை எடுக்க அவசரப்படாதீர்கள், இவருடைய மனநிலையையும் சேர்த்துப் பாருங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொல்லவே அவர் இதை எழுதினார். காப்பீட்டுத் தரப்பின் பரிசோதனை அறைகளுக்குள் போனதும் அதே குறிகள் ‘இவர் நடிக்கிறார்’ என்பதற்குச் சான்றாகிவிட்டன. பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வாடெலே தன் சகா கிறிஸ் மெயினுடன் சேர்ந்து 1998-இல் எழுத வேண்டிவந்தது. எழுதியும் பழக்கம் போகவில்லை.

இந்த வகைப் பரிசோதனையை மேலை நாடுகளில் ‘சுயேச்சையான மருத்துவப் பரிசோதனை’ என்கிறார்கள். விபத்தாலோ நோயாலோ வேலை செய்ய முடியாமல் போனவர் இழப்பீடோ ஓய்வூதியமோ கேட்கிறார். அவருக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவர் எழுதிய சான்று போதாது, வேறொருவர் பார்க்கட்டும் என்கிறது பணம் தர வேண்டிய தரப்பு. அப்படி வருகிற மருத்துவர் மருந்து எழுதுவதில்லை, மறுபடி பார்ப்பதும் இல்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பேசி, தொட்டுப் பார்த்து, இவரால் இத்தனை சதவீதம் வேலை செய்ய முடியும் என்று அறிக்கை தருகிறார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் வாடகையும் மளிகையும் அந்தச் சதவீதத்தைப் பொறுத்தது.

விரல் போனதை இப்படி அளக்கலாம். எலும்பு முறிவையும் பார்வை இழப்பையும் அளக்கலாம். மாதக்கணக்கில் தீராத வலியையும் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களையும் இதே முறையில் அளக்கப் போகும்போதுதான் சிக்கல். அதிலும் வேடிக்கை, இந்த இரண்டிலும் பரிசோதனை சறுக்குகிற திசை நேரெதிரானது.

வலிக்காரரிடம் இருக்கிற ஒரே சான்று அவருடைய வாய்ச்சொல். பரிசோதிக்கிறவர் முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான். வலியை விவரித்துச் சொன்னால் மிகைப்படுத்துகிறார். சுருக்கிச் சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை. மனச்சிதைவு உள்ளவரோ பெரும்பாலும் ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் இருப்பதே அந்த நோயின் கூறுகளில் ஒன்று. மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு வாரத்தில், சட்டை மாற்றி, தலைவாரி, அண்ணன் கூட வர அறைக்குள் நுழைகிறவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுவார். அவருடைய சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒருவர் உண்மையைச் சொன்னால் நம்பிக்கை கிடைப்பதில்லை. இன்னொருவர் உண்மை தெரியாமல் சொல்வதற்கு உடனே கிடைத்துவிடுகிறது.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2015-இல் அமெரிக்க நரம்புக்கதிரியல் இதழில் வந்தது. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது; எண்பது வயதினரில் 96 சதவீதம். படத்தில் தேய்மானம், ஆளுக்கு வலியில்லை. மறுபக்கம் படம் சுத்தமாக இருக்கும், ஆள் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் தவிப்பார். வலியை ஆராய்வோரின் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனியொரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. பணம் தருகிற மேசைதான் பின்தங்கி நிற்கிறது.

எவ்வளவு பின்தங்கியது என்பதற்குச் சுவிட்சர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 1960-இலிருந்து ஐ.வி. என்கிற இயலாமைக் காப்பீடு இருக்கிறது. சம்பளக்காரர் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதமாவது போனால் ஓய்வூதியம் உண்டு. 39 என்றால் ஒரு காசு கிடையாது. எழுபது சதவீதத்திலிருந்து முழு ஓய்வூதியம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறக்குறைய 50,000 பேர் அந்நாட்டில் வாழ்கிறார்கள். முதல் தலைமுறையில் பலர் உணவகச் சமையலறைகளிலும், அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையிலும், முதியோர் இல்லங்களிலும் உழைத்தவர்கள். குனிந்து நிமிர்ந்து தேய்ந்த முதுகுகள். சிலருக்குச் சிறைமுகாமில் வாங்கிய அடியின் மிச்சமும் சேர்ந்திருக்கிறது. போருக்கும் சித்திரவதைக்கும் ஆளானோருக்கென்றே பேர்ன் நகரத்தை ஒட்டிச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு சிகிச்சை மையம் நடத்துகிறது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

2003-ஐ ஒட்டி அந்நாட்டு வலதுசாரிக் கட்சியான மக்கள் கட்சி ‘போலி நோயாளிகள்’ என்று ஒரு பிரச்சாரத்தைக் கையில் எடுத்தது. ஐ.வி. நிதி பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பெயர் கொண்டவர்கள்மேல் சந்தேகம் சுலபமாக ஒட்டியது. 2004 மார்ச் 12 அன்று லுட்சேர்ன் நகரின் காப்பீட்டு வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. உடலில் காரணம் காட்ட முடியாத தொடர்வலியை, ஒருவர் மன உறுதியோடு முயன்றால் மீறி வேலை செய்துவிட முடியும் என்று பொதுவாக அனுமானிக்க வேண்டும் என்றது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டியது நோயாளி. பிறகு தசைவலி நோய், கழுத்து அதிர்ச்சிக் காயம் என்று ஒவ்வொன்றாக அந்த அனுமானத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். 2012-இல் சட்டத் திருத்தம் ஒன்று வந்து, ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் கோப்புகளையும் திறந்து பார்க்கச் சொன்னது.

மன உறுதியால் வலியை வெல்லலாம் என்று எந்த மருத்துவப் பாடநூலும் சொல்லவில்லை. நீதிமன்றம் சொன்னது, மருத்துவர்கள் அதை வைத்துக்கொண்டு அறிக்கை எழுதினார்கள். நோயைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சட்டம் முன்கூட்டியே விடை எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் பரிசோதனை எதற்கு என்று அந்நாட்டுப் பரிசோதனை மையங்களின் மருத்துவர்களிலேயே சிலர் கேட்டார்கள்.

பதினோரு ஆண்டு கழித்து, 2015 ஜூன் 3 அன்று, சுவிஸ் உச்ச நீதிமன்றம் அந்த அனுமானத்தைக் கைவிட்டது. மியூனிக் நகரின் உளவுடல் மருத்துவப் பேராசிரியர் பீட்டர் ஹென்னிங்சன் எழுதியிருந்த கருத்துரையையும் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. இனி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு கெடுத்திருக்கிறது, அவருக்குத் துணையாக எவை மிச்சமிருக்கின்றன, வேலை செய்ய முடியாது என்கிறவர் மற்ற நேரங்களிலும் அப்படித்தான் இருக்கிறாரா, சிகிச்சையைத் தேடினாரா என்றெல்லாம் வரிசையாக ஆராய வேண்டும் என்றது. 2017 நவம்பரில் இதே முறையை எல்லா மனநோய்களுக்கும் விரித்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இடையில் மறுக்கப்பட்டவர்களின் கோப்புகள் தாமாகத் திறக்கவில்லை. தீர்ப்பின் போக்கு மாறியது மட்டுமே பழைய முடிவை மாற்றக் காரணமாகாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதினோரு ஆண்டு தவறான கேள்வியைக் கேட்டதற்கான விலையை நோயாளிகள் மட்டும் கட்டினார்கள்.

அடுத்த பிரச்சினை, பரிசோதிக்கும் ஆளை யார் தேர்ந்தெடுப்பது. காப்பீட்டு அலுவலகம் வேலை கொடுக்க, அந்த வேலையை நம்பியே நடக்கிற மையங்கள் அறிக்கை எழுதின. கடுமையாக எழுதுகிற மையத்துக்கே மறுபடி மறுபடி கோப்பு போகிறதோ என்கிற சந்தேகம் வலுத்தது. 2011 ஜூனில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பரிசோதனை மையத்தைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மூன்றோ அதற்கு மேலோ மருத்துவத் துறைகள் சேர்ந்து பார்க்க வேண்டிய கோப்புகளுக்கு 2012 மார்ச் முதல் கணினிக் குலுக்கல் வந்தது. ஒரே துறை மருத்துவர் பார்க்கிற கோப்புகள் வெளியே நின்றன. மனநோயாளிகளில் பலருடையது அப்படிப்பட்ட கோப்புதான்.

2022 ஜனவரி 1 முதல் இன்னொரு படி. பரிசோதனையில் நடக்கிற உரையாடலை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு மட்டும். எந்த நிபுணருக்கு எத்தனை கோப்பு போயிற்று, எவ்வளவு கட்டணம் வாங்கினார், எத்தனை பேருக்கு எவ்வளவு இயலாமை எழுதினார் என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். தரத்தைக் கண்காணிக்க அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் சூரிச்சின் பிமெடா என்ற பரிசோதனை நிறுவனத்தின் அறிக்கைகளைச் சோதித்து, குறைகள் இருப்பதாகச் சொல்லி, அதற்கு வேலை தருவதை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2023 அக்டோபரில் ஐ.வி. அதை நிறுத்தியது. அதுவரை அந்த நிறுவனத்தின் அறிக்கையை வைத்தே எத்தனையோ பேருக்கு முடிவு சொல்லப்பட்டிருந்தது.

ஒலிப்பதிவு தமிழ் நோயாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பது அந்த அறைக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும். நோயாளி ஐந்து நிமிடம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். நம்மவர்களுக்கோ வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ‘பரவாயில்லை டொக்டர்’ என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். அழக் கூடாது, குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த ஐம்பத்தைந்து வயது ஆண், மனைவிகூட அறியாத ஒன்றை முன்பின் தெரியாத மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே திறந்து சொல்லிவிடுவார் என்று எதிர்பார்ப்பதே அறியாமை. அறிக்கையில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று வரும். ஒலிப்பதிவு இருந்தால் குறைந்தது அந்த அறையில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார், எது விடுபட்டது என்றாவது வழக்கறிஞர் காட்ட முடியும்.

சந்தேகம் முற்றினால் துப்பறிவாளர் வருகிறார். சுவிஸ் பெண் ஒருவரை 1995-இல் மோட்டார் சைக்கிள் இடித்தது. ஒன்றுக்கொன்று முரணான மருத்துவ அறிக்கைகள் குவிந்தபோது, விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஆள் வைத்து அவரைப் பின்தொடர்ந்தது. அதற்குச் சட்டத்தில் தெளிவான இடமில்லை, இது தனிவாழ்வில் அத்துமீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த இடத்தை உண்டாக்கிக்கொடுத்தது. 2018 நவம்பர் 25-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 64.7 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் காமிரா எதைப் பிடிக்கிறது? சனிக்கிழமை கடையிலிருந்து பை தூக்கிக்கொண்டு வருவதைப் பிடிக்கும். ஞாயிறும் திங்களும் படுக்கையில் கிடந்தது வீட்டுச் சுவருக்குள் நடந்தது. சட்டப்படி அங்கே காமிரா போக முடியாது. ஏறி இறங்குகிற நோயில் இறங்கிய நாள்கள் மட்டும் பதிவாகின்றன.

இவ்வளவு கவனமாகச் சட்டம் போட்டும், பரிசோதனையின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. சுவிட்சர்லாந்திலேயே பாசல் பல்கலைக்கழகத்தின் ரெஜினா குன்ஸ் குழு ஒரு சோதனை செய்தது. ஐ.வி. கேட்டவர்களின் உண்மையான மனநலப் பரிசோதனைகளைக் காணொளியாக எடுத்து, அதே காணொளியை வேறுவேறு மனநல மருத்துவர்களுக்குக் காட்டி, இவரால் எத்தனை சதவீதம் வேலை செய்ய முடியும் என்று கேட்டார்கள். ஒரே ஆள், ஒரே பேச்சு. பதில்கள் சிதறிக் கிடந்தன. மருத்துவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தும் விரும்பிய அளவு ஒற்றுமை வரவில்லை. அதே குழு 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 12 நாடுகளில் நடந்த 23 ஆய்வுகளை அலசியபோதும் முடிவு இதுதான்: இயலாமை குறித்து நிபுணர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. நாற்பதுக்கு மேல் பணம், நாற்பதுக்குக் கீழ் பூஜ்யம் என்று கோடு போட்டிருக்கிற ஒரு முறையில் இதற்கு என்ன பொருள்? யார் கையில் கோப்பு விழுகிறது என்பதைப் பொறுத்தது ஒரு குடும்பத்தின் கதி.

கனடாவில் நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பேசியிருக்கிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் அடிபட்டுத் தொடர்வலிக்கு ஆளானவர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்துவிட்டு அதோடு கைகழுவியது. வாகனப் பட்டறை மேற்பார்வையாளர் ஒருவரும் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் தொடுத்த வழக்கில், 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று ஒருமனதாகச் சொன்னது. தொடர்வலி உள்ளவர்களைக் கும்பலாக ஒதுக்கிவைத்தால், அவர்கள் நிஜமாகவே வலியில் இல்லை என்ற தப்பெண்ணத்தைச் சட்டமே ஊர்ஜிதம் செய்வதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனநோயின் பக்கம் நிகழ்ந்த கொடுமைக்குப் பிரிட்டனைச் சொல்ல வேண்டும். அங்கே வேலைத்திறன் பரிசோதனையைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. 2015 வரை ஆட்டோஸ் நடத்தியது, அந்த ஆண்டில் மேக்சிமஸ் ஏற்றது. புள்ளிக் கணக்கு, 15 புள்ளி தேறினால் உதவித்தொகை. சான்றுகளைத் திரட்டித் தர வேண்டிய சுமை பெரும்பாலும் விண்ணப்பித்தவர்மேல். மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முறை கணிசமான பாதகம் என்று மேல் தீர்ப்பாயம் 2013 மே மாதம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் நாட்டிங்காம் நகரில், நெடுங்காலம் தீவிர மனநோயில் இருந்த ஒருவர் 2017-இல் பரிசோதனைக்கு வரவில்லை. அதிகாரிகள் இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள், கதவு திறக்கவில்லை. உதவித்தொகை நின்றது. 2018 ஜூனில் வீட்டைக் காலி செய்ய வந்த ஆட்கள் அவரைப் பிணமாகக் கண்டெடுத்தபோது எடை 30 கிலோகூட இல்லை. கதவைத் திறக்காததே நோயின் அறிகுறி. அதையே தகுதியின்மைக்குக் காரணமாக எழுதியது நிர்வாகம்.

இந்தியாவில் இதெல்லாம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அடிபட்ட தொழிலாளியை முதலாளி ஏற்பாடு செய்யும் மருத்துவரிடம் காட்டச் சொன்னது. மறுத்தால் இழப்பீடு நின்றது. நூறு ஆண்டாக நம்மிடமும் இருக்கிற ஏற்பாடுதான். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். வலிக்கு அதில் வரி இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்தை மருத்துவர் ஒருவர் மதிப்பிடலாம் என்றது சட்டம். ஸ்கேனில் தெரியாத வலிக்குச் சதவீதம் போடத் துணிகிற மருத்துவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் கதை தலைகீழ். அங்கே காப்பீட்டு நிறுவனத்தைவிட வழக்காடுகிறவர் பக்கத்து மருத்துவர்மேல்தான் புகார் அதிகம். சிகிச்சையே தராத மருத்துவர்கள் நீதிமன்ற வாசலில் சதவீதத்தை வாரி வழங்குவதை ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சந்தேகம் வந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் போன சதவீதம் வேறு. இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போகும். எழுத்தருக்கு வேலை தொடரலாம். ஆகவே வேறொரு மருத்துவர் பார்க்கவே கூடாது என்று யாரும் வாதிட முடியாது. பொய்ச் சான்றும் இருக்கிறது, பொது நிதிக்கு எல்லையும் இருக்கிறது. வைத்தியம் பார்க்கிற மருத்துவருக்குத் தன் நோயாளிமேல் பாசம் வருவதும் இயல்பு. சர்ச்சை, அந்த வேறொரு மருத்துவரை யார் அனுப்புகிறார்கள், அவர் எவ்வளவு நேரம் எதையெல்லாம் பார்க்கிறார் என்பதில்தான்.

நம் சட்டம் ஒரு விஷயத்தில் சுவிட்சர்லாந்தை முந்தியிருக்கிறது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலை மனநோயால் வரும் இயலாமைக்கு 2002 முதல் பயன்படுத்துகிறோம். தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நான்கு; ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் நான்கு வரை உண்டு. மொத்தம் 20. ஏழு வந்தால் 40 சதவீதம். அதாவது சலுகைகளுக்கான நம் எல்லைக்கோடும் சுவிஸ் கோடும் ஒரே எண். இந்த அளவுகோல் நோயாளியை மட்டும் கேட்கச் சொல்லவில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரைக் கேட்க வேண்டும், பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும், கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் நோய் வெளிப்பட்டது என்று கணக்கிட வேண்டும். மனச்சிதைவு உள்ள மகன் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லும்போது, பின்னால் நிற்கிற அம்மாவின் பக்கம் மருத்துவர் திரும்பியாக வேண்டும் என்று விதியே சொல்கிறது.

விதி சொல்கிறது, முகாம் நாளில் வரிசை சொல்வது வேறு. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கை கால் ஊனமுற்றோர், காது கேளாதோர், மனநோயாளிகள் எல்லோரும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்திருக்க, மனநல மருத்துவர் ஒருவர் இருந்தால் பெரிது. இரண்டு ஆண்டு வரலாற்றை அவர் எத்தனை பேரிடம் எப்போது கேட்பார்? குளிக்காமல், பேசாமல், மூலையில் உட்கார்ந்தே நாளைக் கழிப்பது மனச்சிதைவின் நீண்டகால அறிகுறி. அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். அம்மாவுக்கோ மகனுக்கு முன்னாலேயே ‘இவன் பாத்திரத்தை எடுத்து அடிக்கிறான்’ என்று சொல்ல வாய் வராது.

வலிக்கோ இந்த வாய்ப்புகூடக் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையாக இருந்ததை 21 வகையாக விரித்தது. அமில வீச்சுக்கு ஆளானோரும் நடுக்குவாத நோயாளிகளும் சேர்ந்தார்கள். நல்லது. தொடர்வலி சேரவில்லை. கட்டடக் கூலிக்குப் போய் முதுகு போனவர், தையல் எந்திரத்தில் இருபது ஆண்டு உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டவர், காலில் நரம்புவலியோடு நிற்கிற துப்புரவுத் தொழிலாளி, இவர்கள் முகாமுக்குப் போனால் பிரச்சினை அறிக்கைவரைகூடப் போகாது. பட்டியலில் இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். சுவிட்சர்லாந்து வலியைச் சந்தேகப்பட்டது, கனடா ஒதுக்கிவைத்துப் பின் திருந்தியது. இந்தியா இன்னும் கேள்வியையே கேட்கவில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகம் அந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும். இன்னும் வகைகளைச் சேர்க்க மத்திய அரசுக்குச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. சேர்க்கும்போது, உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலையும் ஐடியாஸ் வழியையும் பின்பற்றி, ஒருநாள் பரிசோதனையைவிட ஓராண்டு மருத்துவமனைக் குறிப்புகளுக்கும் கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்துக்கும் கூடுதல் எடை தரலாம். தமிழ்நாட்டளவில் செய்யக்கூடியது, மனநோய்க்கான மதிப்பீட்டைப் பொது முகாமிலிருந்து பிரித்து, நோயாளி சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே தனி நாளில், குடும்பத்தினரிடம் தனியாகப் பேசி நடத்துவது. இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். தொழிலாளர் இழப்பீட்டில் முதலாளி அனுப்பும் மருத்துவருக்குப் பதிலாக அரசு மருத்துவர் பட்டியலிலிருந்து குலுக்கலில் ஒருவரை எடுப்பதும் முடியாத காரியம் அல்ல.

அதுவரை வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முகாமுக்கோ மருத்துவக் குழுவுக்கோ அவரைத் தனியே அனுப்பாதீர்கள். பழைய மருந்துச் சீட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். தூங்காத இரவுகளை, வேலையை விட்ட தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து அதையும் காட்டுங்கள். பராமரிப்பவர் என்ற முறையில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று விதி இருப்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். ஐரோப்பாவில் இருக்கும் உறவினருக்குச் சுவிட்சர்லாந்தில் இத்தகைய பரிசோதனை நடக்கிறது என்றால், ஒலிப்பதிவு வேண்டாம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே சான்றிதழ் மறுக்கப்பட்டால் அதோடு முடிந்துவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்திருக்கிறது.